ஜீப் ஒழுகாத நாள்

திருச்செங்கோட்டில் நீங்கள் யாரை வேண்டுமானாலும் தேடி அலையலாம். சொட்டுவை மட்டும் தேட வேண்டியதில்லை. குனிந்து தரையைப் பார்த்தால் போதும். டீக்கடை வாசலில் ஒரு கறுப்புச் சொட்டு, மருந்துக்கடை ஓரம் இன்னொன்று, பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் கொஞ்சம் பெரிதாக ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டே போனால் கடைசிச் சொட்டுக்கு மேலே ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப் நிற்கும். அதற்குள் உட்கார்ந்து, "கண்டிப்பா தண்ணி வருமுங்க, நானாச்சு" என்று போனில் யாரோ ஒரு விவசாயிக்கு அவர் சத்தியம் செய்துகொண்டிருப்பார்.

போர் போடும் ரிக் வண்டிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்ட் அவர். மேச்சேரிப் பக்கம் கரடு முரடான காடுகளுக்குள் எல்லாம் போய் இடம் பார்த்து வருவார். அங்கே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும் என்பது அவர் வாதம். மற்ற நாளெல்லாம் அதே வண்டியில்தான் அடுத்த தெருவுக்குத் தயிர் வாங்கப் போவார். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவி பாவாயி அக்காவுக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும் தெரியும். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த எனக்குக் கடைசி வரை தெரியாது. நான் "அண்ணா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஜீப் ஒழுகுகிறதே என்று யாராவது வருத்தப்பட்டுவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"ஒழுகுதுன்னா உள்ள ஆயில் இருக்குதுன்னு அர்த்தம் சாமி. ஒழுகாத வண்டிய எப்படி நம்பறது?"

அந்த ஜீப்பில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு பெட்டி உண்டு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். சொட்டு அதை ஃபோர்வீல் பெட்டி என்பார். இரண்டுக்கும் நடுவில் உள்ள சீல் எந்தக் காலத்திலோ தேய்ந்து போனதால் கியர்பாக்ஸில் ஊற்றும் ஆயில் மெதுவாகக் கசிந்து ஃபோர்வீல் பெட்டிக்குப் போய்விடும். அங்கிருந்து அடியில் உள்ள போல்ட் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். வேறு யாராக இருந்தாலும் இதைக் கோளாறு என்று சொல்லியிருப்பார்கள். சொட்டு இதை வசதி என்று சொன்னார்.

"மேல புதுசு ஊத்தறேன், கீழ பழசு போகுது. ஆயில் தானா மாறிக்குது. எவன் வண்டியில இருக்குது இந்த வசதி?"

இந்தக் கொள்கையின்படி அந்த ஜீப்புக்கு அவர் ஆயில் மாற்றியதே இல்லை. தினமும் மாறிக்கொண்டிருப்பதை எதற்குத் தனியாக மாற்ற வேண்டும்?

பாவாயி அக்காவுக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே ஆகாது. தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயிலின் நாற்றம் இருக்கிறதே, அது கந்தகத்தையும் அழுகிய முட்டையையும் சேர்த்துக் காய்ச்சியது மாதிரி இருக்கும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதில் ஏறினால் கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். அதே பாவாயி அக்கா சாயங்காலம் ஆனால் வாசலுக்கு வந்து தரையைத்தான் பார்ப்பார். சொட்டு காட்டுக்குப் போனால் போனை எடுக்க மாட்டார். திரும்பி வந்தாலும் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ஜீப்பைத் தெருக்கோடி வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு அங்கேயே யாருடனாவது பேச உட்கார்ந்துவிடுவார். வாசலில் புதுச் சொட்டு விழுந்திருந்தால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அக்கா உடனே தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார்.

ஒரு வைகாசியில் ஜீப்பின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. வண்டியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் அடியில் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்துக்குள் அது அவர் கண்ணெதிரிலேயே சொட்டியது. "ஒழுகறதை நிறுத்திட்டு வியாழக்கிழமை கொண்டு வாங்க. அப்பவும் ஒழுகுச்சுன்னா கையெழுத்துக் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

பாவாயி அக்கா இதற்காகவே காத்திருந்தது போல நடுவீட்டில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"ஏனுங்க, இப்பவே சொல்லிப்போட்டேன். வியாழக்கிழமை பாஸ் ஆனா வெச்சுக்குங்க. இல்லீனா நேரா காயலாங்கடைதான். ஊட்டுக்குத் திரும்பி வரக்கூடாது."

சொட்டு அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை, இன்ஸ்பெக்டர் சொன்ன வியாழனுக்கு முந்தைய நாள், வாசலில் சாக்கை விரித்து ஜீப்புக்கு அடியில் படுத்துவிட்டார். அடி போல்ட்டின் வாஷர் நைந்து போனதுதான் ஒழுகலுக்குக் காரணம். ஆயிலை வடித்துவிட்டுப் புது செப்பு வாஷர் போட்டு, இரண்டு பெட்டிகளிலும் புது ஆயில் ஊற்றிவிட்டால் தீர்ந்தது. போனில் வீடியோ பார்க்கும் பழக்கமுள்ள நான் ஒரு வார்த்தை சொன்னேன்.

"அண்ணா, வடிக்கறதுக்கு முன்னாடி மேல ஊத்தற போல்ட் கழலுதான்னு பார்த்துக்கணுமாம்."

"வீடியோக்காரன் ஜீப்பு வேற, என்ற ஜீப்பு வேற. சும்மா இரு தம்பி."

வடித்தார். கியர்பாக்ஸிலிருந்து கறுப்பாக ஒன்று வந்தது. ஃபோர்வீல் பெட்டியிலிருந்து அதைவிடக் கறுப்பாக ஒன்று, இரும்புத்தூள் மினுமினுக்க, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து வந்தது. புது வாஷர் போட்டு அடி போல்ட்டுகளை முறுக்கினார். கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றியாகிவிட்டது. பிறகு ஃபோர்வீல் பெட்டியின் மேல் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டார். போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டுத் தட்டினார், பைப்பை மாட்டி நெம்பினார். போல்ட்டின் முனைகள் உருண்டு கோலிக்குண்டு மாதிரி ஆனதுதான் மிச்சம். கசிந்து போய்த் தானாக நிறையும் பெட்டிக்கு மேல் போல்ட்டை யார் திறந்திருக்கிறார்கள்?

"கசிஞ்சு நெறையட்டும்னு விட்டுப்போட்டா என்னங்கண்ணா?"

"வாரக்கணக்காகும் சாமி. நாளைக்கு எதுல போறது?"

மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றேன். அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டது.

"சக்கரம் உருண்டா உள்ள பல்லுச் சக்கரமும் சுத்துமல்லோ? ஆயில் இல்லாம ஒரு சுத்துக் கூட சுத்த உடமாட்டேன். அட கெரகமே!"

அப்படியே படுத்தபடி தனக்குத் தெரிந்த ஒரு ரிக் ஓனருக்குப் போன் போட்டார். வெல்டிங் செட் வேண்டும், உருண்ட போல்ட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்தால் ஸ்பானர் பிடிக்கும் என்றார். அந்த நல்ல மனிதரின் வெல்டிங் செட் ரிக் வண்டியிலேயே இருந்தது. ரிக் ஓமலூர்ப் பக்கம் போகக் கிளம்பிக்கொண்டிருந்தது. போகிற வழியில் வந்துவிட்டுப் போகட்டும் என்று மொத்த ரிக்கையும் எங்கள் தெருவுக்குள் அனுப்பிவிட்டார்.

கோடைக்காலத்தில் ஒரு தெருவுக்குள் ரிக் வண்டி நுழைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மூலை வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்தார்.

"இங்க போர் போடக் கூடாது! என்ற போர்ல இருக்கற தண்ணி பூரா இந்தப் பக்கம் வந்துரும். நான் கலெக்டர் ஆபீசுக்குப் போவேன்!"

எதிர்வீட்டு அம்மா தட்டில் தேங்காய், பழம், சூடத்தோடு வந்து, "எத்தன அடி போறீங்க?" என்றார். போர் ஓடும்போது கிளம்பும் மண்தூசு வீட்டுக்குள் வரும் என்று நாலு வீட்டில் ஜன்னல் சாத்தினார்கள். இந்தச் சந்தடியில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கும் ஒருவர் எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தெருவை அளந்தார். ஜீப் அருகே வந்ததும் தேங்காய் சடாரென்று எழுந்து நின்றது. கூட்டம் ஆவென்றது.

"இங்கதானுங்க! ஜீப்புக்கு நேர் கீழ! ரெண்டு ஊத்துக் கூடுது!"

ஜீப்புக்கு நேர் கீழே இருந்து சொட்டுவின் குரல் வந்தது.

"தண்ணி கெடக்குதுங்க. மேல பெட்டியில தொண்ணூறு ஆயில் எறங்குமான்னு பாத்துச் சொல்லுங்க."

வெல்டர் படுத்து நட்டை வைத்துப் பொறி பறக்க அடித்தார். பாவாயி அக்கா ஒரு வாளி மண்ணோடு பக்கத்திலேயே நின்றார். தீப்பிடித்தால் ஜீப்பின் மேல் கொட்டவா, புருஷன் மேல் கொட்டவா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. சூடு ஆறுவதற்குள் ஸ்பானரைப் போட்டு இழுத்ததும் போல்ட் 'கிறீச்' என்று ஒரு சத்தம் போட்டுத் திரும்பியது. எதிர்வீட்டு அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று தேங்காயை உடைத்துவிட்டார். மூலை வீட்டுக்காரர் ரிக் தெருவைத் தாண்டும் வரை கூடவே நடந்து போய் வழியனுப்பி வைத்தார்.

பிறகு நான் ஜீப்புக்குள் நின்று புனலைத் தூக்கிப் பிடிக்க, டியூப் வழியாக ஆயில் இறங்கியது. கியர் ஆயிலுக்கு அவசரம் என்பதே கிடையாது. என் தோள் விட்டுப்போன பிறகுதான் அது ஓட்டையின் விளிம்பு வரை வந்து வழிந்தது. அப்படி வழிந்தால்தான் அளவு சரி. சொட்டு போல்ட்டைப் போட்டு முறுக்கினார். இரண்டு நாள் கழித்தும், நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆபீசில் என் மேஜையைச் சுற்றியிருந்த ஜன்னல்களைச் சொல்லாமலே திறந்து வைத்தார்கள்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். சொட்டுவும் நானும் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றோம். பாவாயி அக்காவும் வந்தார். பாஸ் ஆகவில்லை என்றால் அங்கிருந்தே காயலாங்கடைக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டுமல்லவா? இன்ஸ்பெக்டர் குனிந்தார், டார்ச் அடித்தார், காத்திருந்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"பரவாயில்லையே. சுத்தமா நின்னுருச்சு."

சந்தோஷப்பட வேண்டிய சொட்டுவின் முகம் வெளுத்துப் போனது.

"நெசமாலுமே ஒழுகலைங்களா?"

"இல்லைங்க."

"அப்ப உள்ள ஆயில் இருக்குதுங்களா?"

இன்ஸ்பெக்டருக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, சொட்டுவின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அதற்குள் அவர் ஸ்பானரோடு அடியில் புகுந்துவிட்டார். வெல்டு வைத்த போல்ட் இப்போது தொட்டால் கழல்கிற பதத்தில் இருந்தது. கியர்பாக்ஸ் ஆயிலும் ஒரு ராத்திரியில் கொஞ்சம் கசிந்து சேர்ந்திருக்க வேண்டும். திறந்ததும் குபுக்கென்று கொட்டி அவர் முழங்கை வழியாக ஓடித் தரையில் குட்டையாய் நின்றது.

"இருக்குதுங்க! இருக்குது!" என்று அடியிலிருந்து ஒரே கும்மாளம்.

இன்ஸ்பெக்டர் குட்டையைப் பார்த்தார், பேனாவை மூடினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பாவாயி அக்கா ஜீப்பையும், அதற்கு அடியில் ஆயில் வழியச் சிரித்துக்கொண்டு கிடந்தவரையும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனார்.

"ஏனுங்க சார், நீங்க பாக்கையில ஒழுகுச்சுங்களா?"

"இல்லைம்மா, ஆனா இப்ப..."

"இப்ப ஒழுகறது வண்டி இல்லீங்க, இந்த மனுசன். இவருக்கு நீங்க ஆர்.சி. குடுக்க வேண்டாம். நான் எப்படியோ ஓட்டிக்கறேன். வண்டிக்குப் போட்டுக் குடுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தேவிட்டார். போல்ட்டை முறுக்கச் சொல்லி, தரையைத் துடைக்கச் சொல்லி, இன்னொரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜீப் அதற்குப் பிறகு ஒழுகவில்லை. தெருவே தடுமாறிப் போனது. டீக்கடைக்காரர் சொட்டு வந்து போனாரா இல்லையா என்று தெரியாமல் விழித்தார். பாவாயி அக்கா சாயங்காலம் வாசலுக்கு வந்து சுத்தமான தரையைப் பார்த்துவிட்டு உள்ளே போவதும், மறுபடி வருவதுமாக இருந்தார். ஒருநாள் என்னிடமே கேட்டுவிட்டார்: "அவிய வந்துட்டாங்களா சாமி? ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொட்டு சாக்கை விரித்து அடியில் படுத்து ஏதோ செய்வதைப் பார்த்தேன். என்ன அண்ணா என்றேன். "ஒண்ணுமில்ல தம்பி, அடி போல்ட்டு கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு" என்றார். அன்று சாயங்காலம் வாசலில் ஒரு கறுப்புச் சொட்டு விழுந்திருந்தது. பக்கத்து வீட்டில் தோசைக்கல் காயும் வாசனை வந்தது.

நான் இப்போது ஓமலூருக்கு வீடு மாறிவிட்டேன். போன மாதம் ஒருநாள் நாங்கள் வெளியே போயிருந்தபோது அவர் எங்களைப் பார்க்க வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். போன் பண்ணவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுநாள் காலையில் என் மனைவி வாசலில் சோப்புத்தூளும் தேங்காய் நாருமாக உட்கார்ந்து கறுப்பாக எதையோ தேய்க்கப் போனாள். நான் ஓடிப் போய் அவள் கையிலிருந்த நாரை வாங்கி வைத்துவிட்டேன்.