பத்தாயிரத்தில் பதினான்கு

பைக்கால் ஏரி, பனிமுகாம்
மார்ச் 14

மதிப்புக்குரிய அக்கா எவெலினாவுக்கு, தங்கை ரிம்மா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். காய்ச்சல் நேற்றோடு விட்டது. உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நான் ஏரியின் பனியில் வெட்டிய குழியில் மூன்று முறை முங்கி எழுந்த செய்தி இர்கூத்ஸ்க் வரை வந்ததும், நாற்பத்தொன்பது வயதில் எனக்குக் கடவுள் நம்பிக்கை பிறந்துவிட்டதென்று நீ அழுததும், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நன்றி வழிபாட்டுக்குச் சொல்லிவைத்திருப்பதும் அறிந்தேன். தயவுசெய்து அதை நிறுத்திவிடு. பக்தர்கள் பனிக்குழியில் மும்முறை முங்கும் திருமுழுக்கு நாள் ஜனவரியிலேயே போய்விட்டது. நான் முங்கியது ஒரு விண்மீன் திரளுக்காக.

ஏரியின் ஆழத்தில் நாங்கள் தொங்கவிட்டிருக்கும் கண்ணாடி உருண்டைகளைப் படத்தில் பார்த்திருக்கிறாய். எதிலும் ஒட்டாமல் பூமியையே துளைத்துப் போகும் நியூட்ரினோ என்றைக்காவது ஒன்று தண்ணீரில் மோதினால், அப்போது எழும் நீல மினுக்கை அவை பிடிக்கும். நவம்பரில் ஒன்று பிடிபட்டது. அது வந்த திசையில் இருப்பது, பதினோரு ஆண்டுகளாக நான் காவல் காக்கும் விண்மீன் திரள். அதன் நடுவிலுள்ள கருந்துளை அதே வாரம் காமாக் கதிர்களைக் கக்கியிருந்தது. கதிரை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எலக்ட்ரான்களே அதை உண்டாக்கிவிடும். நியூட்ரினோவும் அங்கிருந்துதான் வந்தது என்றால், அங்கே புரோட்டான்கள் அசுர வேகம் பெறுகின்றன என்று பொருள். என் பதினோரு ஆண்டுகள் வீணில்லை என்றும் பொருள். முகாமே கொண்டாடியது. நான் மட்டும், தற்செயலாகவும் இருக்கலாம் என்றேன்.

உருண்டைகளை ஏற்றி இறக்கும் வின்ச்சை இயக்கும் ஸோரிக்தோவுக்குப் பொறுக்கவில்லை. "ரிம்மா ஸவேல்யெவ்னா, உங்க கல்யாணத்தன்னிக்கும் 'பார்க்கலாம்'னுதான் சொன்னீங்களாமே?"

"சொன்னேன். பார்த்தாச்சுல்ல?"

பேச்சு வளர்ந்து பந்தயமானது. எல்லாத் திசைகளிலிருந்தும் இதுவரை பிடிபட்ட நியூட்ரினோக்கள் வந்த நேரங்களைக் கணினியில் பத்தாயிரம் முறை கலைத்துப் போட வேண்டும். வெறும் தற்செயலால் இப்படியொரு பொருத்தம் பத்து முறையோ அதற்குக் குறைவாகவோ வந்தால் நான் குழியில் முங்க வேண்டும். போட்டேன். பதினான்கு முறை வந்தது.

சமையற்காரி க்லாஃபிரா மீன் சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "பத்துதாங்க நெசம். மிச்ச நாலும் குளிருக்குப் பயந்து வந்த நாலு."

எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி போட்டேன், பதினான்குதான். மறுபடி சிரித்தார்கள். அக்கா, சிடுமூஞ்சி என்று இருபது வருஷமாகச் சொல்கிறார்கள், பொறுத்துக்கொண்டேன். கணக்கைத் திருத்துகிறவள் என்று யாரும் சொன்னதில்லை. அந்த எண் பத்தாக இருக்க வேண்டுமென்று அங்கே எல்லாரையும்விட ஆசைப்பட்டவள் நான்தான். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுநாள் மதியம், நீ கருங்கடலுக்கென்று வாங்கித் தந்த நீச்சலுடையோடு பனிமேல் நடந்தேன். ஸோரிக்தோ பயந்துபோனார். "ஐயோ, ஜெயிச்சவங்க நீங்க, எதுக்கு முங்குறீங்க?"

"கயித்தப் புடிங்க. அப்புறம் பேசலாம்."

மூன்று முறை முங்கினேன். ஒவ்வொரு முறை எழும்போதும், பல் கிட்டிப்போன வாயால் "பதினாலு" என்றேன். தூரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை ஜெபம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. க்லாஃபிரா மட்டும் போர்வையைச் சுற்றிவிட்டு, "சரி தாயே, பதினாலுதான்" என்றாள்.

ஆகவே, அக்கா, எனக்கு நம்பிக்கை எதுவும் பிறக்கவில்லை. விண்மீன் திரள் மீதும்கூட. பாதிரியாரிடம் என் மன்னிப்பைச் சொல். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் தங்கை,
ரிம்மா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இரண்டாவது நியூட்ரினோ பிடிபட்டுவிட்டது. அதே திசை. நான்கு முறை கணக்குப் போட்டேன், பத்தாயிரத்தில் ஒன்று. வெளியே ஸோரிக்தோ, குழியை மூடிய பனியைக் கோடரியால் உடைக்கும் சத்தம் கேட்கிறது. துண்டு இன்னும் காயவில்லை. வழிபாட்டை நிறுத்தாதே.