வீட்டுச் சத்தத்தை மடித்து அனுப்பிய விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான், மகன், மருமகள், பேத்தி ஐந்து பேரும் அவரவர் இடத்தில் நலம். நீயும் உன் முட்டிவலியும் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று மறக்காமல் எழுது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் கையெழுத்து, கோட்டைத் தாண்டிப் போனால் நீதான் பிடித்து இழுத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

போன முறை வந்தபோது தேநீரை ஆற்றிக்கொண்டே, "சத்தத்தைச் சின்னதாக்க ஒரு படிப்பா அக்கா? ரேடியோவுல குமிழைத் திருகினா முடிஞ்சுது. இதுக்கா இந்தப் பொண்ணு எட்டு வருஷம் படிச்சா?" என்று கேட்டாய். பேத்தி சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். நான் சிரிக்கவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டேன். இன்று அவிழ்க்கிறேன்.

இது குமிழைத் திருகுகிற வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அலுவலகத்திலிருந்து ஒரு கறுப்புப் பந்தைக் கொண்டுவந்து, மூன்று கால் கம்பத்தின் மேல் கூடத்து நடுவில் நிறுத்தினாள். பந்தைச் சுற்றிப் பட்டாணி அளவில் முப்பத்திரண்டு மைக். எந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அது கேட்டுவைத்துக்கொள்ளுமாம். "எல்லாரும் எப்பவும் போல இருங்க" என்றாள், அவ்வளவுதான், ஒருவரும் எப்பவும் போல இல்லை. மகன் செய்தித்தாளைச் செய்தி வாசிப்பவர் குரலில் வாய்விட்டுப் படித்தான். மருமகள் பந்தைப் பார்த்துக்கொண்டே "நீங்க உக்காருங்க அத்தை, நான் பாத்துக்கறேன்" என்று மூன்று தடவை சொன்னாள். உன் அத்தான் மட்டும் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டார். சமையலறைக் குழாய் தன் போக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

கேட்டதை அப்படியே அனுப்பினால் முப்பத்திரண்டு மூட்டை, அதைத் தூக்கிக்கொண்டு போக ஃபோனுக்குத் தெம்பு இல்லை என்றாள். "முப்பத்திரண்டு மைக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தைத்தான் பாட்டி கேக்குது. அதனால ஒண்ணு ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு, எது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதி அனுப்பிட்டா, வாங்கற பக்கம் இருக்கிற பெட்டி எல்லாத்தையும் பழைய இடத்துல வச்சுடும்" என்றாள். "கம்பளியில இருக்கிற காத்தை அமுக்கி மடிச்சு, எந்தக் கட்டில்ல விரிக்கணும்னு மேல துண்டுச்சீட்டு குத்தறோமே, அதுதானே?" என்றேன். "எங்க மேடத்துக்கு நீங்களே வந்து சொல்லிடுங்க" என்றாள்.

போகும்படிதான் ஆயிற்று. பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, மடிக்காத சத்தத்தையும் மடித்து விரித்த சத்தத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொல்வார்களாம். மடிப்பு தெரிகிறது என்று சொல்லிவிட்டால் அவளுடைய இரண்டு வருட வேலை பரணில், அவள் கதவு மணிக்கு டிங்டாங் போடுகிற பிரிவில். அன்று பார்த்து ஒருவருக்கு ஜலதோஷம். வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்ட மறந்து நின்றாள் பெண். "நான் வரேன். அடுத்த தெருவுல பாத்திரம் விழுந்தா அது என்ன பாத்திரம்னு சொல்ற காது இது" என்றேன். உனக்குத் தெரியாததா?

அந்த அறையை எப்படிச் சொல்வேன் தம்பி. சுவர், கூரை எல்லாம் முட்டைத் தட்டு மாதிரி பஞ்சு. கதவைச் சாத்தியதும் சத்தம் என்கிற ஒன்று உலகத்தை விட்டே போய்விட்டது, என் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விடுகிற மாதிரி இருந்தது. சுற்றி இருபத்திரண்டு ஒலிபெருக்கி, நடுவில் ஒரே ஒரு நாற்காலி, அதில் நான். விளக்கைத் தணித்தார்கள். எங்கேயோ ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அப்புறம் நம் வீடு மெதுவாகக் கால் முளைத்து நடந்துவந்து, ஒவ்வொரு அறையாக என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. மேசை மேல் பட்ட வெயில்கூட முழங்கையில் சுட்டது, வெயிலையும் மடித்தாளோ என்னவோ. செய்தித்தாள் புரள்கிறது, குறட்டை ஏறி இறங்குகிறது, நான் கண்ணை மூடி மிதந்துகொண்டே விரலை மட்டும் நீட்டினேன். குழாய் இதோ, மகன் அதோ, அவர் ஜன்னலோரம். மூன்று பாட்டத்திலும் ஒன்று தப்பவில்லை. வெளியே பேத்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாளாம்.

நாலாவது பாட்டத்தில் மேடம் ஒரு விஷமம் பண்ணினார். வந்தவர்கள் கேட்டுச் சொல்கிறார்களா, ஊகித்துச் சொல்கிறார்களா என்று பார்க்க, சத்தத்தை முன்பின்னாக, இடவலமாகத் திருப்பிப் போடுவார்களாம். எனக்குத் தெரியாது. குழாய் எங்கே என்றார்கள், எப்போதும் இருக்கிற இடத்தைக் காட்டினேன். "அம்மா, இப்ப அது உங்க பின்னாடி இருக்கு" என்றது மேடத்தின் குரல். "சமையலறை எங்கேயும் போகாதும்மா. முப்பது வருஷமா நான் அங்கதான் நிக்கறேன். உங்க பெட்டிதான் தடம் மாறிடுச்சு" என்றேன். பிறகு கதவு திறந்தது. மேடம் என்னைப் பார்க்காமல் பேத்தியைப் பார்த்து, "இவங்களுக்கு வீடு ஏற்கெனவே மனசுல இருக்கு. கேக்கறவங்களுக்கு இடம் தெரிஞ்சா, சீட்டுல நாம அத்தனையும் எழுதி அனுப்பணுமா என்ன?" என்றார். இரண்டு பேரும் வெள்ளைப் பலகையில் கிறுக்க ஆரம்பித்தார்கள், என்னை நாற்காலியிலிருந்து எழுப்பவே மறந்துவிட்டார்கள்.

மற்ற பதினொரு பேருக்கும் மடிப்பு தெரியவில்லை. முதலில் ஒரு தரம் வீட்டைச் சொல்லிவிட்டு, அப்புறம் சீட்டைப் பாதியாகக் குறைக்க அவளுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். யாரால்? ஐந்தாம் வகுப்பால். இனி குமிழ் என்று உன் வாயிலிருந்து வரக்கூடாது.

உன் வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: இது உனக்கு மட்டும். மறுநாளே பேத்தி என்னைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். இடது காது போன மழைக்காலத்திலிருந்தே அடைத்துப்போயிருக்கிறதாம். உலகம்தான் கொஞ்சம் நாகரிகமாகிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது என்று நினைத்திருந்தேன். ஒற்றைக் காதுக்குத் திசை சரியாகத் தெரியாதாம், அதனால் என் மதிப்பெண்ணை அடித்துவிட்டார்கள். இருபத்திரண்டு ஒலிபெருக்கியில் எனக்கு ஒன்று போதும், அதில் உன் குமிழும் போதும், வெளியே சொல்லாதே. ஆனால் மத்தியானம் வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் ஒரு சத்தமும் வராது, அப்போதும் செய்தித்தாள் அதன் இடத்தில் புரள்கிறது, உன் அத்தான் ஜன்னலோரம் குறட்டை விடுகிறார், குழாய் சொட்டுகிறது. நேற்று மருமகளிடம் குழாயைச் சரிபண்ணச் சொன்னேன். ஆள் வந்து புதுக் குழாய் மாட்டி மூன்று வாரம் ஆகிறதாம்.