பிளக்குக்குக் கம்பளிக் குல்லாய்

எங்கள் கேரவன் சங்கத்தில் லித்தியம் பேட்டரி இல்லாதவர்களை நாங்கள் ஒதுக்கி வைத்ததில்லை. அவர்களோடு அனுதாபத்தோடு பேசுவோம், அவ்வளவுதான். அந்த அனுதாபம் தாங்காமல் எல்லோரும் இரண்டே கோடையில் லித்தியத்துக்கு மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே பீர் குடிப்போம். இப்போது பேட்டரி எத்தனை சதவீதம் என்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறோம்.

கார் ஓட ஓட, பின்னால் இழுத்துவரும் வீட்டுவண்டியான கேரவனில் இருக்கும் லித்தியம் சார்ஜ் ஆகவேண்டும். அதற்கென்றே இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த பிளக் உண்டு. அது வெறும் உடம்போடு தொங்குவது சங்கத்தின் கௌரவத்துக்கு இழுக்கு என்று தலைவர் லிண்ட்சே ஒருநாள் கண்டுபிடித்தார். தேநீர்க் கெண்டிக்கே கம்பளிக் குல்லாய் மாட்டுகிறவர்கள் நாங்கள், ஆட்சேபிப்போமா? பச்சையும் மஞ்சளுமாகக் குல்லாய் கட்டாயமாக்கப்பட்டது. எல்லோருக்கும் பின்னிக் கொடுத்தவள் காரலி.

அந்த அக்டோபரில் ஆண்டு முகாம். குயின்ஸ்லாந்தின் மேற்குப் பகுதியில், மின்கம்பமே இல்லாத ஆற்றங்கரை. எங்கள் பக்கம் அக்டோபரிலேயே சுட்டுப் பொசுக்கும் வெயில். வந்து இறங்கியதும் காரலியின் கணவன் நெவில் செல்பேசியைப் பார்த்து முகம் வெளுத்துப்போனான். நாள் முழுக்க வண்டி ஓட்டியும் பேட்டரி ஏறவே இல்லை. ஆறு சதவீதத்தில் நின்றது. சாயங்காலத்துக்குள், அந்தப் பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி நின்றுவிடும். அதற்குள்தான் காரலியின் இன்சுலின் முழுவதும் இருந்தது. மருந்துக்கடைக்குப் போகவேண்டுமானால் வந்த வழியே ஒரு நாள் பயணம்.

சங்கம் உடனடியாகச் செயல்பட்டது. அதாவது, தொழில்நுட்ப அலுவலர் பெவன் ஆரஞ்சு நிற மேல்சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மொதல்ல எஞ்சினை அணை, நெவில்."

"அணைச்சா எப்படிப்பா சார்ஜ் ஆகும்?"

"ஆகுதா இல்லையான்னு பாக்கத்தானே நான் வந்திருக்கேன்? ஆய்வு நடக்கறப்ப எஞ்சின் ஓடக்கூடாது. பாதுகாப்பு விதி."

எஞ்சின் அணைந்தது. பெவன் மானியை வைத்துப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. "கோளாறு ஊர்ஜிதம்" என்றார் திருப்தியாக.

"உன் வண்டியையும் இதே மாதிரி பாரேன்" என்றாள் காரலி.

பார்த்தார். அதிலும் ஏறவில்லை. தலைவருடையதிலும் இல்லை. எங்களுடையதிலும் இல்லை. முகாமிலிருந்த எந்த வண்டியும் தேறவில்லை; எல்லோர் பேட்டரியும் தீரும் தறுவாயில்தான் இருந்தது. தலைவர் லிண்ட்சே தொண்டையைச் செருமினார்.

"எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றைக் கோளாறு என்று கருத இயலாது. அது நமது சங்கத்தின் தரம்."

சிலர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

"அந்தக் குல்லாயைக் கழட்டிட்டு பிளக்கைப் பாத்துடலாமே?" என்றான் நெவில்.

"முகாம் நாட்களில் சங்கச் சின்னத்தை அகற்ற நிர்வாகக் குழுவின் முன் அனுமதி தேவை. மாலைக் கூட்டத்தில் கொடியேற்றம், தொப்பியின் நிறம் இரண்டும் முடிந்ததும் 'இதர விஷயங்கள்' வரும். அதில் உன் மனைவியின் மருந்தைச் சேர்த்துக்கொள்கிறேன்."

காரலி நாற்காலி மேல் ஏறி நின்றாள். "தொப்பி நிறம் முடிவாகறதுக்குள்ள என் மருந்து வெந்துபோயிடும்! சொல்லுங்க, யாருகிட்டயாவது ஐஸ் இருக்கா?"

கேட்கக்கூடாத கேள்வி அது. லித்தியம் வைத்திருப்பவன் ஐஸ் பெட்டி வைத்திருப்பதாவது! எல்லோரும் அவரவர் கேரவன் கதவைத் திரும்பிப் பார்த்தோம்.

பெவன்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்கிட்ட... கட்டிலுக்கு அடியில கொஞ்சம் இருக்கு. சும்மா, ஒரு இதுக்கு."

அவ்வளவுதான். கேரவன் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. போர்வைக்கு அடியிலிருந்தும் துணிமூட்டைக்குப் பின்னாலிருந்தும் ஐஸ் பெட்டிகள் வந்தன. இருப்பதிலேயே பெரியது தலைவருடையது. இரண்டு பேர் தூக்கினார்கள். எங்களுடையதை என் மனைவி மேஜைத்துணி போட்டு மூடி எடுத்துவந்தாள்.

"அடப்பாவிகளா," என்றாள் காரலி, "ஒருத்தனுக்கும் நம்பிக்கை இல்லியா?"

மருந்து ஐஸில் நேராகப் பட்டால் உறைந்து கெட்டுவிடும். சுற்றி வைக்க ஏதாவது வேண்டும். அவள் யாரிடமும் கேட்கவில்லை. விறுவிறுவென்று போய்த் தங்கள் வண்டியின் குல்லாயைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். குல்லாயோடு பிளக்கும் பாதி வெளியே வந்தது. அதன் வாய்க்குள் பச்சை நூலும் மஞ்சள் நூலும் திணிந்து கிடந்தன. மாதக்கணக்காக அது முழுதாகச் செருகப்படவே இல்லை.

"இத்தனை நாளும் தினம் ராத்திரி காசு கட்டித் தங்கற ஏதாவது கேரவன் பார்க்குல கரண்டு இழுத்துட்டு, காரு சார்ஜ் பண்ணுதுன்னு பீத்திக்கிட்டிருந்தோம்" என்றாள். நூலைப் பிய்த்துப் போட்டு பிளக்கை அழுத்தினாள். 'டக்' என்றது. "நெவில், வண்டியை ஸ்டார்ட் பண்ணு."

"விதி..." என்றார் பெவன்.

காரலி மருந்தைக் குல்லாயில் சுற்றி ஐஸில் வைக்க, நெவில் ஸ்டார்ட் செய்தான். செல்பேசியில் அம்புக்குறி மேல்நோக்கித் திரும்பியது. எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடம் நாங்கள் எல்லோரும் அவரவர் குல்லாயை உருவிக்கொண்டிருந்தோம். எல்லா பிளக்கிலும் அதே நூல்.

அன்று மாலை ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் இது: 'மருந்தைக் காப்பதில் சங்கக் குல்லாய் தன் பணியைச் செவ்வனே ஆற்றியது. அதை வடிவமைத்த தலைவரின் தொலைநோக்குக்கு நன்றி. இனி ஐஸ் பெட்டிகள் வெளியே தெரியாதபடி அவற்றுக்கும் கம்பளி உறை கட்டாயம்.' வழிமொழிந்தவள் காரலி. நூல் வாங்க அப்போதே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் பீர் எடுக்க அவர்கள் கேரவனுக்குப் போனேன். பேட்டரி நூறு சதவீதம் என்று நெவில் செல்பேசியைக் காட்டினான். குளிர்பெட்டி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. திறந்தால் உள்ளே பீர் மட்டும்தான்.

"மருந்து எங்கே?" என்றேன்.

அவன் யாராவது பார்க்கிறார்களா என்று வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த ஐஸ் பெட்டியைக் காலால் தொட்டுக் காட்டினான்.