டாலர் முப்பத்தொன்று முப்பத்தேழு

நிக்டி, புனே
3 டிசம்பர் 1995

சிரஞ்சீவி ராம்கிக்கு அத்திம்பேர் பத்ரிநாத் எழுதிக்கொண்டது. ரூபாய் நீங்கலாக இங்கு அனைவரும் சௌக்கியம். நியூஜெர்ஸியில் நீ, ப்ரியம்வதா, குழந்தை மூவரின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். ஆவல் என்று எழுதியதை நீ பயம் என்றும் படித்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஞாயிறுதோறும் பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமியின் போனில் கூப்பிடுவாய். இன்றோடு ஆறு வாரமாக மணி அடிக்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். ஔந்த் ஃப்ளாட்டுக்குக் கடைசித் தவணையாக நீ அனுப்ப வேண்டியிருந்த இருபதாயிரம் டாலரை உடனே அனுப்பிவிடு என்று ஆகஸ்டில் உனக்குச் சொன்னவன் நான். அப்போது டாலர் முப்பத்தொன்று முப்பத்தேழு. அக்டோபரில் அது முப்பத்தைந்தை எட்டியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுபத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய் என்பதை நீ கால்குலேட்டரில் போட்டுப் பார்த்திருப்பாய். நான் காகிதத்தில் போட்டேன், ஆயுதத் தொழிற்சாலையின் கணக்கு ஆபீசில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் என்பதால் மூன்று முறை. மூன்று முறையும் அதே விடைதான் வந்தது. இது எப்படி நேர்ந்தது என்பதை ஆதியிலிருந்து விளக்கினால் உன் கோபம் தணியும் என்று நம்புகிறேன். தணியாவிட்டாலும் விளக்குவதாக இருக்கிறேன்.

தொண்ணூற்று மூன்று மே மாதம் நான் ரிடையர் ஆனேன். ஜூன் மாதம் நம் காலனிக்குப் பழைய பேப்பர் எடுக்க வரும் ரத்திவாலாவின் தராசில், லண்டனில் அச்சான ஒரு தடித்த புத்தகத்தைக் கண்டேன். அந்நியச் செலாவணியை முன்கூட்டிக் கணிப்பது எப்படி என்று முப்பத்தொரு அத்தியாயங்களில் சொல்லும் நூல். ஒரு கிலோ இருநூறு கிராம். அறிவை எடைக்கு வாங்க முடிகிற ஊரில் அதை விட்டுவிட்டு வருவது பாவம் என்று ஏழு ரூபாய் கொடுத்து வாங்கினேன். மாதம் ஒரு அத்தியாயம் என்று திட்டம் வகுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் கடைசிப் பக்கத்தில் முடிக்க வேண்டும், நடுவில் தாண்டக் கூடாது என்பது என் ஆபீஸ் ஒழுங்கு. உன் அக்கா சாவித்ரிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. துப்பறியும் நாவலில்கூட கொலைகாரன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் கொலையைப் படிப்பாள்.

முதல் நான்கு அத்தியாயங்களிலேயே எனக்குக் கணிக்க வந்துவிட்டது. தினமும் காலையில் பேப்பரைப் பார்த்து ரேட்டைக் கிராஃப் தாளில் புள்ளி வைத்து, ஏழு நாள் சராசரி, முப்பது நாள் சராசரி எல்லாம் எடுத்து, மறுநாள் டாலர் என்ன விலை போகும் என்று கண்டுபிடிப்பேன். முப்பத்தொன்று முப்பத்தேழு என்று வரும். மறுநாள் பார்த்தால் முப்பத்தொன்று முப்பத்தேழுதான். எப்போதாவது ஒரு பைசா அப்படி இப்படிப் போகும், அதை நூலாசிரியரே மன்னிக்கிறார். இப்படி இரண்டு வருஷம், ராம்கி. உலகத்தில் எந்த பாங்கிலும் இப்படித் தொடர்ந்து கணித்த அதிகாரி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கட்கி பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் கணக்கு டீச்சராக இருந்த உன் அக்கா மட்டும், "ஏன்னா, நேத்திக்கும் அதான், முந்தாநாளும் அதான். நாளைக்கும் அதான் இருக்கப்போறது. இதுக்கு எதுக்கு மாசம் பதினஞ்சு ரூபாய்க்குக் கிராஃப் பேப்பர்?" என்று கேட்டாள். பள்ளிக்கூடக் கணக்கு வேறு, அந்நியச் செலாவணி வேறு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு குக்கரை இறக்கப் போனாள்.

ஆனால் காலனி என்னை மதித்தது. சொஸைட்டி நோட்டீஸ் போர்டில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் கீழே "நாளை டாலர்" என்று ஒரு கட்டம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமியின் மாப்பிள்ளை கனடாவில் இருப்பதால் அவர் தினமும் வந்து, "சார், நாளைக்கு எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவார். பால்காரர் மராட்டியில் விசாரிப்பார். அவருக்கு வெளிநாட்டில் யாரும் இல்லை, தெரிந்துகொள்வோமே என்கிற ஆர்வம்தான். தினமும் சாக்பீஸால் அதே எண்ணை அழித்து அதே எண்ணை எழுதுவது வீண்செலவு என்று தோன்றியதால், இந்த ஜூலை மாதம் நானே முன்நின்று அதை வெள்ளை எனாமல் பெயிண்டில் எழுதவைத்தேன். ரூபாய் அதைக் கேள்விப்பட்டுவிட்டதோ என்னவோ, அடுத்த இரண்டு மாதத்தில் இறங்க ஆரம்பித்தது. டாலர் முப்பத்திரண்டைத் தாண்டிய அன்று ஆரோக்கியசாமி சைக்கிளை நிறுத்தி, "சார், பெயிண்ட் கடைப் பக்கம்தான் போறேன். போர்டுக்குத் தின்னர் ஏதும் வாங்கியாரணுமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். இப்போதும் தினமும் கேட்கிறார்.

இனி நான் சொல்லப்போவது உனக்கும் எனக்கும் மட்டும். ஆகஸ்ட் முதல் வாரம் நீ பணத்தை இப்போது அனுப்புவதா, பொறுத்து அனுப்புவதா என்று கேட்டாய். அதே வாரம் மஸ்கட்டிலிருந்து உன் அண்ணன் சங்கரனும் அதையே கேட்டான். அவனுக்கும் அதே கட்டடத்தில், உன் கதவுக்கு எதிர்க் கதவு. அந்த ஊர் ரியாலை டாலரோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் அவன் கேள்வியும் உன் கேள்வியும் ஒன்றே. நான் அப்போது இருபத்தேழாவது அத்தியாயத்தில் இருந்தேன். அது ஹெட்ஜிங் பற்றியது. எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்று தெரியாதபோது இரண்டு பக்கமும் ஆளை நிறுத்திவைத்தால், ஒரு பக்கத்து நஷ்டத்தை மறுபக்கத்து லாபம் சரிக்கட்டிவிடும் என்கிறது. படித்ததும் உடம்பு சிலிர்த்தது. என் கணிப்பு தவறாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் தவறினால் என்ன செய்வது? எனவே உனக்கு "உடனே அனுப்பு" என்று ஒரு சீட்டும், சங்கரனுக்கு "தீபாவளி வரை பொறு" என்று ஒரு சீட்டும் எழுதினேன். ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தால் எனக்குப் படபடப்பு வரும் என்பதால் இரண்டு சீட்டையும் சாவித்ரியிடம் கொடுத்துவிட்டு வெளியே குடையோடு நின்றேன். அவள் உள்ளே போய் இருவரிடமும் பேசிவிட்டு வந்தாள்.

நீயே யோசித்துப் பார். குடும்பம் மொத்தத்தையும் ஒரே கம்பெனியாக எடுத்துக்கொண்டால், நீ இழந்ததைச் சங்கரன் அடைந்தான். கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. புத்தகத்தில் சொன்னது வரிக்கு வரி பலித்தது. நஷ்டப்படுகிற பக்கம் பெண்டாட்டியின் தம்பியாக இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் அந்த ஆங்கிலேயர் எழுதவில்லை. அவருக்கு அந்தத் தொந்தரவு இல்லை போலிருக்கிறது. சங்கரன் நன்றியோடு மஸ்கட்டிலிருந்து வந்த ஒருவர் மூலம் மிக்ஸியும் இரண்டு டின் பால் பவுடரும் கொடுத்தனுப்பினான். பார்சல் மேல் "அக்காவுக்கு" என்று மட்டும் எழுதியிருந்தது. அவசரத்தில் என் பெயரை விட்டுவிட்டான் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கவலையெல்லாம் தை மாதம்தான். உங்கள் இருவர் ஃப்ளாட்டுக்கும் கிரகப்பிரவேசம் ஒரே நாள், ஒரே முகூர்த்தம். ஹெட்ஜிங் முறைப்படி, ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருக்கட்டும் என்று ராஸ்தா பேட்டில் ஒரு வாத்தியாரும் கட்கியில் ஒரு வாத்தியாரும் பேசிவைத்தேன். இருவரும் நிச்சயம் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வீடு இருப்பதால் அது ஒன்றுதான் சரியாக அமைந்தது. ஆனால் அங்கே எதிரெதிர் வாசலில் நீயும் சங்கரனும் நிற்பீர்கள். "அத்திம்பேர் உனக்கு என்னடா சொன்னார்?" என்று அவன் கேட்பான். நீ சொல்வாய். அவனும் சொல்வான். பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்புவீர்கள். நான் அப்போது கையில் பால் பாத்திரத்தோடு நிற்பேன். அறுபது வயதில், மனைவியின் பிறந்த வீடு முழுவதும் கூடியிருக்கிற இடத்தில், இரண்டு மச்சினர்களுக்கும் முகம் காட்ட முடியாமல் நிற்க என்னால் ஆகாது. எனவே ராம்கி, கோபத்தை விட்டு நீ கட்டாயம் வர வேண்டும். வந்தால் சங்கரனிடம் எந்தத் தேதியில் பணம் அனுப்பினாய் என்ற ஒரு பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. குழந்தை, பனி, ஆபீஸ் என்று எவ்வளவோ விஷயம் இருக்கிறது.

ஏரோகிராமில் இடம் குறைந்துவிட்டது, எழுத்து எறும்பாவதை நீயே பார்க்கிறாய். மூவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், இன்றைய ரேட்டில். நாளைக்கு எப்படியோ, நான் இப்போதெல்லாம் சொல்வதில்லை.

இப்படிக்கு
பத்ரிநாத்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் விலாசம் சரிபார்க்கச் சாவித்ரியிடம் கொடுத்தேன். அவள் முழுவதையும் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். நீ இந்த ஆறு வாரமும் சனிக்கிழமை காலையில், நான் லைப்ரரிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து ஆரோக்கியசாமி வீட்டுக்கு போன் செய்துகொண்டுதான் இருக்கிறாயாம். "நீங்க எடுத்தா பத்து நிமிஷம் ரேட்டே சொல்றேள், குழந்தை பேசறதுக்குள்ளே அவனுக்குப் பணம் தீந்து போறது" என்றாள். பூத்தில் என் சீட்டுகளை அவள் படிக்கவே இல்லையாம். உங்கள் இருவரிடமும் "பாதியை இப்ப அனுப்பு, பாதியைத் தீபாவளிக்கு அனுப்பு" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாளாம். நீங்களும் அப்படியே செய்தீர்களாம். ஆகவே உனக்குக் கோபம் இல்லை, சங்கரனுக்கு நன்றி இல்லை, மிக்ஸி அவளுடையது. மேலே எழுதிய எதையும் நீ படிக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய ஏரோகிராம் என்பதால் அனுப்புகிறேன். தையில் சங்கரனிடம் எந்தத் தேதியை வேண்டுமானாலும் பேசு.

மனம் கேட்காமல் இன்று மத்தியானம் முப்பத்தொன்றாவது அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். நாணயத்தின் போக்கை யாராலும் கணிக்க முடியாது, இன்றைய விலையே நாளைக்கும் என்று சொல்பவரை எந்தச் சூத்திரமும் ஜெயித்ததில்லை, பெரிய தொகையானால் பாதி இப்போதும் பாதி பிறகும் அனுப்புவதே நலம் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இதை நீ எப்போது படித்தாய் என்று சாவித்ரியைக் கேட்டேன். நான் வாங்கிவந்த அன்று சாயந்தரமே என்றாள். பிறகு ஏன் இரண்டரை வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்பதானே ரிடையர் ஆகியிருந்தேள். இன்னும் முப்பது அத்தியாயம் பாக்கி இருந்ததே" என்றாள்.