பாதி வழியில் நின்ற பால் டம்ளர்

ஒரு காட்டில் ரோடு வருவதற்கு முன்னாலேயே கேபிள் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். ரோடு கேட்டு மனு கொடுத்தார்கள், கேபிள் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். ஓடி ஓடி வேட்டையாடி முட்டி தேய்ந்துபோனதால், தினம் ஒருவர் தாமாகவே வந்து சாப்பாடாகிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது. தள்ளுமுள்ளு ஆகிவிடக் கூடாதே என்று டோக்கன் வேறு. அந்தக் காலமாக இருந்தால் இப்படிப்பட்ட சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், உள்ளே எட்டிப் பார்க்கச் சொல்லிக் காரியத்தை முடித்திருப்பார்கள். இங்கே கிணற்றை மூடி போர்வெல் போட்டுவிட்டார்கள். ஆறங்குலக் குழாய்க்குள் சிங்கம் எதை எட்டிப் பார்க்கும்?

டோக்கன் நம்பர் ஒன்று, பேச்சியம்மாள் என்ற புள்ளிமானுக்கு விழுந்தது. பால் குடி மறக்காத குட்டி ஒன்று அவளுக்கு இருந்தது. "அம்மா இப்ப வந்துருவேன்" என்று அதனிடம் பொய் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு சிங்கத்தின் குகை வாசலில் போய் நின்றாள்.

சிங்கத்துக்கு ஒரு பழக்கம். டிவி ஓடாவிட்டால் சாப்பாடு இறங்காது. "ஒரு நிமிஷம் இரும்மா" என்று ரிமோட்டைத் தேடியது. அன்றைக்கென்று 'மருமகள் மங்களேஸ்வரி' தொடங்குகிறது. முயல் குடும்பத்துக் கதை. மங்களேஸ்வரி தன் புருஷனுக்குப் பால் கொண்டுவருகிறாள். அதில் சின்ன மாமியார் எதையோ கலந்துவிட்டாள். பாவம், மங்களேஸ்வரிக்கு அது தெரியாது. புருஷன் டம்ளரை வாங்குகிறான். மெல்லத் தூக்குகிறான். தொடரும்.

திறந்த வாய் திறந்தபடியே சிங்கம் உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, குடிச்சிருவானோ?"

"அதான் மகாராஜா எனக்கும் அடிவயித்தைக் கலக்குது" என்றாள் பேச்சியம்மாள். அவள் வயிறு வேறு காரணத்துக்காகக் கலங்கிக்கொண்டிருந்தது.

சிங்கம் டிவி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியது. "அந்தப் பாலை அவன் குடிச்சானா இல்லையான்னு தெரியாம ஒரு உசிரையும் நான் வாயில வைக்க மாட்டேன். நீ போயிட்டு நாளைக்கு இதே நேரத்துக்கு வா."

பேச்சியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே ஓட்டமாக அந்த சீரியலின் டைரக்டர் சங்குமுத்துவிடம் போனாள். சங்குமுத்து ஓர் ஆமை.

"அண்ணே, அந்தப் பால் எப்பண்ணே அவன் வாய்க்குப் போகும்?"

"நாளைக்கு. நாளன்னைக்குச் சாவு. அதுக்கு மறுநாள் பழிவாங்கல். கதை சும்மா பறக்கும் பாரு."

"பறக்க வேண்டாம்ணே. உங்க கால்ல விழறேன், கொஞ்சம் மெதுவாக் கொண்டுபோங்க." சத்தியத்தைப் பற்றி அழுதுகொண்டே சொன்னாள்.

"எவ்வளவு மெதுவா?"

"உங்களால முடிஞ்ச மட்டும்."

சங்குமுத்துவைப் பார்த்து இதுவரை யாரும் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "இதுக்குத்தாம்மா நான் பொறந்ததே" என்று மறுநாளைக்கு எழுதி வைத்திருந்த காட்சியைக் கிழித்துப் போட்டார்.

பிறகு என்ன! டம்ளர் நெஞ்சுக்கு வர மூன்று மாதம் ஆனது. சின்ன மாமியார் முகத்தை மூன்று தடவை, மங்களேஸ்வரி முகத்தை மூன்று தடவை, வாசலில் கோலம் போடும் வேலைக்காரி முகத்தையும் மூன்று தடவை, டொய்ங் டொய்ங் என்று காட்டினார்கள். பால் கறந்த பசுவுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக், அது ஒரு ஆடி மாசம் முழுக்க ஓடியது. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் பொங்கலுக்குக் கிளம்பி, சித்திரையில்தான் தாடைக்கு வந்து சேர்ந்தது.

ரசிகர்களோ கொண்டாடித் தீர்த்தார்கள். டோக்கன் இரண்டு காட்டுப்பன்றி, டோக்கன் மூன்று கடம்பை மான், அதற்குப் பின்னால் நாற்பது பேர், எல்லோரும் ஏழு மணிக்கெல்லாம் குகையில் சிங்கத்தோடு பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். "நேத்து டம்ளர் ஒரு விரக்கடை ஏறின மாதிரி இருந்துச்சு. இவ்வளவு அவசரம் ஆகாது" என்று டைரக்டருக்கு எழுதிப்போட்டார்கள். சிங்கத்துக்குப் பசிக்கு மிக்சர். மிக்சரில் உயிர் கிடையாது என்று நரி ஜோசியர் கட்டம் போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தார். மிக்சர் தின்றால் தாகம் எடுக்கும். அதனால் டம்ளர் அசையத் தொடங்கியதும் சிங்கம் எழுந்து ஓடைக்குப் போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகத் திரும்பும். டம்ளர் அங்கேயேதான் இருக்கும். இப்படி இரண்டு வருஷம் போயிற்று. பேச்சியம்மாளின் குட்டிக்கு முதுகில் புள்ளி நன்றாகத் தெளிந்துவிட்டது.

அந்தக் காட்டில் டோக்கன் இல்லாத ஆள் ஒருவர் இருந்தார். விமர்சகர் தலைகீழ்நாதன். வௌவால். எலும்பும் தோலுமான அவரைத் தின்றால் பல்லிடுக்குக்குக்கூடக் காணாது என்று சிங்கம் விட்டுவிட்டது. ஆலமரத்தில் தொங்கியபடி அவர் எழுதினால், காடே அதைப் படித்துவிட்டுத்தான் ஒன்று பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று முடிவு பண்ணும். அவர் எழுதினார்: 'மருமகள் மங்களேஸ்வரி. இழுவையோ இழுவை. இரண்டு வருஷமாக ஒரு டம்ளர் வாய்க்குப் போகவில்லை. பால் தயிராகி, தயிர் மோராகியிருக்கும். அரை ஸ்டார்.'

சிங்கம் அதைப் படித்தது. இரண்டு வருஷமாக மெய்ம்மறந்து பார்த்த சிங்கத்துக்கு, படித்த அந்த நிமிஷமே கொட்டாவி வந்தது.

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்று பொய் சொன்னது. "கூப்பிடு அந்த ஆமையை! வர்ற வெள்ளிக்கிழமை கதை முடியணும்."

பேச்சியம்மாள் ஆலமரத்தடிக்கு ஓடினாள். "ஐயா, அந்த அரை ஸ்டாரை ஒரு மூணாவது ஆக்கக் கூடாதா? கதை முடிஞ்சா நான் முடிஞ்சேன்."

"அம்மா, கலை வேறு, உங்கள் பிரச்சினை வேறு. எனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது."

"உங்களுக்கு மனசாட்சி இருக்கு. எனக்குத் தொடை இருக்கே, நான் என்ன பண்ண?"

"வேகம் வேண்டுமம்மா, வேகம்" என்று சொல்லிவிட்டு அவர் அத்திப்பழம் தின்னப் பறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பேச்சியம்மாள் குட்டியை நக்கி நக்கித் தூங்கவைத்துவிட்டு வந்தாள். சிங்கம் மிக்சரைத் தின்றுவிட்டு, டம்ளர் அசைந்ததும் இரண்டு வருஷப் பழக்கத்தில் எழுந்து ஓடைக்குப் போனது.

வேகம் என்று சொன்னார்களே, காட்டினார் சங்குமுத்து! இரண்டு வருஷமாக அடக்கிவைத்த கதை அத்தனையையும் நாலு நிமிஷத்தில் கொட்டிவிட்டார். பால் விவகாரம் தீர்ந்து, சின்ன மாமியார் ஜெயிலுக்குப் போய், திருந்தி, திரும்பி வந்து, பேரனுக்குக் காது குத்தி, பேரன் கல்யாணமும் ஆகி, சுபம் போட்டாயிற்று. ஈர மீசையோடு சிங்கம் வந்தபோது டிவியில் பல்பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு? பாலைக் குடிச்சானா?"

பேச்சியம்மாளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. "தெரியலையே மகாராஜா! அழுதுக்கிட்டே இருந்தேனா, கண்ணு மறைச்சிருச்சு."

"எனக்கும்" என்றது பன்றி. "எனக்கும் எனக்கும்" என்றன மற்றவை எல்லாம். சிங்கம் டைரக்டரிடம் ஆள் அனுப்பியது. அவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார், இனி எப்போது வெளியே நீட்டுவாரோ. மறுஒளிபரப்பு போடச் சொன்னது. டேப்பை எலி கடித்துவிட்டதாக எலியே வந்து சொன்னது.

"மகாராஜா, எழுதறதுக்காக ஒருத்தர் பார்த்திருப்பாரே, அவரைக் கேளுங்க" என்றாள் பேச்சியம்மாள், ரொம்ப மரியாதையாக.

தலைகீழ்நாதனைப் பிடித்துவந்து, கேபிள் ஒயரால் காலைக் கட்டி, குகை மேற்கூரையில் தொங்கவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஏழு மணி அவருக்கு அத்திப்பழ நேரம். அந்த சீரியலில் ஒரு நாளைக்கூட அவர் பார்த்ததே இல்லை.

"சொல்லும். குடிச்சானா, இல்லையா? தெரிஞ்ச அடுத்த நிமிஷம் சாப்பாடு. முதல் வாய் நீர்தான். நீர் எழுதினதாலதானே என் சீரியலை நான் நிறுத்தினேன்?" சிங்கம் ஒரு புது டோக்கன் எழுதி அவர் கழுத்தில் மாட்டியது. நம்பர் பூஜ்யம்.

தலைகீழ்நாதன் பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் டிவியைப் பார்த்தாள்.

"மகாராஜா... குடித்தானா என்று பார்ப்பதற்கு முன்னால், பால் என்றால் என்ன என்று பார்த்துவிடலாமா?"

"அட, இது நல்லாயிருக்கே!" என்று சிங்கம் மிக்சரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டது.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தினமும் ஏழு மணிக்கு விமர்சகர் பேசுகிறார். முந்தாநாள்தான் மங்களேஸ்வரியின் மூக்குத்தியை முடித்துவிட்டு அவள் சேலை முந்தானைக்கு வந்திருக்கிறார். பேச்சியம்மாள் தன் குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேட்கிறாள். காட்டில் இப்போது அவள்தான் விமர்சனம் எழுதுகிறாள். 'இழுவையோ இழுவை. ஐந்து ஸ்டார். ஐயா இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும்.'

நேற்று சிங்கம் தண்ணீர் குடிக்கப் போனபோது தலைகீழ்நாதன் அவளிடம் ரகசியமாகக் கேட்டார். "பேச்சியம்மா, எனக்காவது சொல்லேன். நிஜமாகவே அவன் குடித்தானா?"

"எனக்கென்ன தெரியும் ஐயா" என்றாள் பேச்சியம்மாள். "நான் அழுதுக்கிட்டுல்ல இருந்தேன். நீங்க முந்தானையைச் சொல்லுங்க. அவசரம் இல்லாம சொல்லுங்க."

நீதி: சிங்கத்தோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பவர்கள், கதை நகரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. நகர்ந்தால் அடுத்தது சாப்பாடு.