பதவிக்கேற்ற மட்டை

மனிதனுக்கு உடல் நலம் முக்கியம் என்பதை அனுமதித் துறை அந்த ஆண்டுதான் கண்டுபிடித்தது. வீடு கட்ட, கடை திறக்க, பெயர்ப் பலகை மாட்ட என்று எதற்கும் அனுமதி தருகிற துறை அது. தராமல் வைத்திருக்கிற துறை என்றும் சொல்லலாம். உட்கார்ந்து உட்கார்ந்தே ஊழியர்களுக்குத் தொப்பை போட்டுவிட்டதே என்று மேலிடம் கவலைப்பட்டது. ஆகவே துறைகளுக்கிடையே இறகுப்பந்துப் போட்டி, இரட்டையர் ஆட்டம். இயக்குநரே களம் இறங்குவார் என்றும், அவருக்கு ஜோடி கண்காணிப்பாளர் என்றும் அறிவிப்பு வந்தது.

கண்காணிப்பாளருக்கும் விளையாட்டுக்கும் வெகு தூரம். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றாலே காய்ச்சல் வந்துவிடும் உடம்பு அவருடையது. ஆனால் துணை இயக்குநர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதற்கு ஆளைப் பரிந்துரைக்க வேண்டியவர் இயக்குநர். "என்கூட நீங்கதான் ஆடுறீங்க" என்று அவர் சொன்னதும், "நான் குடுத்து வச்சவன் சார்" என்று இவர் வாய் தானாகவே சொல்லிவிட்டது. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் அவர் இத்தனை தூரம் முன்னேறியிருந்தார்.

அன்று மாலையே விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்.

"பேட் யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான்."

கடைக்காரர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நடுவழியில் தொப்பையருகே பார்வை கொஞ்சம் தங்கிப் போயிற்று.

"எத்தன வருஷமா ஆடுறீங்க?"

"இனிமேதான்."

"அடிச்சு ஆடுவீங்களா, தடுத்து ஆடுவீங்களா?"

கண்காணிப்பாளர் யோசித்தார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் எதையும் அடித்து ஆடியதாக நினைவில்லை. தன் மேசைக்கு எந்தக் கோப்பு வந்தாலும், அது இங்கே விழுந்து படுத்துவிடுமுன் வந்த பக்கமே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"தடுத்துதான். அதுல நல்ல அனுபவம் இருக்கு" என்றார்.

கடைக்காரர் ஒரு மட்டையை எடுத்துக் கொடுத்தார். "இது உங்களுக்கு சரியா இருக்கும். கனமே இல்ல. தண்டு நல்லா வளையும், நீங்க லேசா தட்டினாலே போதும், அதுவே பந்தைத் தூக்கிக் குடுத்துரும். நரம்பும் ரொம்ப இறுக்கமில்ல. கை தேறினதும் வேற பாத்துக்கலாம்."

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கயிற்றையே வலையாக வைத்துக்கொண்டு மனைவியோடு ஆடிப் பார்த்தார். அந்தம்மா மகளுடைய பழைய மட்டையோடு வந்து, முதல் நாளே அவரை மூலைக்கு மூலை ஓடவிட்டாள். ஆனால் நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, அவர் போட்ட பந்து கயிற்றுக்கு மேலே அழகாக ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. கண்காணிப்பாளர் குதித்தார். தான் செய்த ஒரு காரியம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததை அவர் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு மட்டையை அலுவலகத்துக்குக் கொண்டுபோனதுதான் தப்பாகப் போயிற்று.

இயக்குநர் தன் மேசைமேல் ஒரு கறுப்பு மட்டையைப் படுக்க வைத்திருந்தார். "தூக்கிப் பாருங்க. பெரிய பெரிய வீரர்கள் ஆடுற பேட். தலைப்பக்கம் கனம். தண்டு வளையவே வளையாது."

"சார் முன்னாடி ஆடியிருக்கீங்களா?"

"இல்லையே. அதுக்கென்ன? ஒரு இயக்குநர் கத்துக்குட்டி பேட்டோட போய் நின்னா, துறையைப் பத்தி நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றவர், இவர் கையிலிருந்ததைக் கவனித்தார். "இது என்ன? கொசு அடிக்கிறதா?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கண்காணிப்பாளரும் சிரித்தார். மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே சிரித்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மறுநாள் ஒரு சுற்றறிக்கை வெளிவந்தது. 'மட்டை என்பது அதை ஏந்துபவரின் பொறுப்புக்கு ஏற்றதாக இருத்தல் அவசியம். மேலதிகாரியின் மட்டையை விடக் கனத்திலோ விறைப்பிலோ மிகுந்த மட்டையைக் கீழ்நிலை ஊழியர் ஏந்தலாகாது. அதேவேளை, துறையின் கௌரவத்துக்குக் குந்தகம் விளையும் அளவுக்கு இலேசான மட்டையையும் தவிர்த்தல் வேண்டும்.' எழுதிக் கொடுத்தவர் கண்காணிப்பாளர்தான். அத்தனையும் அபத்தம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் 'குந்தகம்' நன்றாக வந்திருக்கிறதே என்று இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

மறுபடியும் கடைக்குப் போய், "எங்க இயக்குநர் வாங்கினதுக்கு ஒரே ஒரு படி கீழ இருக்கணும்" என்றார்.

"அது உங்களுக்கு வேணாம் சார். தோள்பட்டை போயிரும்."

"போகட்டும்."

கடைக்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அன்றிலிருந்து அந்தக் கடையில் எப்படி ஆடுவீர்கள் என்று யாரையும் கேட்பதில்லை. என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

போட்டி நாளன்று அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலை மூடிவிட்டார்கள். மனுக்களோடு காத்திருந்த பொதுமக்களை அரங்கத்துக்குள் உட்காரவைத்தார்கள். நன்றாகக் கைதட்டினால் மனு நகரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

எதிரணி தணிக்கைத் துறை. அங்கேயும் இயக்குநர், கண்காணிப்பாளர். அதே கடையில் வாங்கிய அதே மட்டைகள். பெரியவர்களின் நேரம் பொன்னானது என்பதால் ஒரே ஒரு ஆட்டம்தான்.

முதல் பந்தை அனுமதி இயக்குநர் போட்டார். மட்டை கீழிறங்கி வருவதற்குள் பந்து தரைக்கு வந்துவிட்டது. எதிரணிக்குப் புள்ளி. தணிக்கை இயக்குநர் போட்டது வலையில் விழுந்தது. இந்த அணிக்குப் புள்ளி. நம் கண்காணிப்பாளர் போட்டது வலையின் பாதி உயரம்கூட எட்டவில்லை. புள்ளி அங்கே போயிற்று. அந்தக் கண்காணிப்பாளர் வீசியதில் பந்து தப்பித்து, மட்டை மட்டும் கையைவிட்டுப் பறந்தது. புள்ளி இங்கே திரும்பியது.

இப்படியே ஏறி ஏறி இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. பந்து ஒரு தடவைகூட வலையைத் தாண்டவில்லை. ஆனால் இவ்வளவு விறுவிறுப்பான ஆட்டத்தைத் தாங்கள் கண்டதே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். விதிப்படி அடுத்த புள்ளியோடு முடிவு. போடவேண்டியவர் நம் கண்காணிப்பாளர்.

தோள் விண்விண்ணென்று வலித்தது. அப்போது முன்வரிசையில் மனைவி எழுந்து நின்றாள். அவள் கையில் அந்த இலேசான மட்டை.

"ஏங்க, இதைப் பிடிங்க! மாடியில போட்ட மாதிரி போடுங்க, தாண்டிரும்!"

நடுவர், "பேட் மாத்திக்கலாம் சார். விதியில இடமிருக்கு" என்றார்.

இவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

மேலதிகாரியின் 'உங்க இஷ்டம்' எந்த இஷ்டம் என்று தெரியாமல் யாரும் கண்காணிப்பாளர் ஆவதில்லை. கொசு அடிக்கிற மட்டையால் பந்து தாண்டிவிட்டால், இதுவரை தாண்டாததற்கு யார் காரணம் என்ற கேள்வி வரும். அவருக்குக் கை பரபரத்தது. மாடியில் கயிற்றைத் தாண்டிய அந்தப் பந்து கண்முன் ஒருமுறை ஏறி இறங்கியது. மனைவியைப் பார்த்து வேண்டாமென்று தலையாட்டினார். கனத்த மட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, வலையின் அடியில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

தணிக்கைத் துறை வென்றது. தோல்விக்கான காரணத்தைத் துறை ஆராய்ந்தது. மட்டைகளின் கனம் போதவில்லை என்று முடிவாயிற்று. அதே வாரம் துணை இயக்குநர் நாற்காலியும் நிரம்பியது. 'நெருக்கடியான தருணத்திலும் மேலதிகாரியை மிஞ்ச முயலாதவர்' என்று இயக்குநர் பரிந்துரையில் தன் கைப்பட எழுதியிருந்தார்.

மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. மாடியில் பக்கத்து வீட்டு அம்மாவோடு ஆடிக்கொண்டிருந்தாள். "வர்றீங்களா?" என்று கூப்பிட்டாள். துணை இயக்குநருக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. தவிர, புதிய பதவிக்கு இன்னும் ஒரு படி கனமான மட்டை வாங்கியாகவேண்டும்.

கடையில் வரிசை வாசல்வரை நின்றது. முன்னால் நின்றவர் இவரை அடையாளம் கண்டு கும்பிட்டார். டீக்கடைக்குப் பெயர்ப் பலகை மாட்ட அனுமதி கேட்டு நடையாய் நடந்துகொண்டிருப்பவர்.

"சார், அன்னிக்கு உங்க ஆட்டத்துக்குக் கை வலிக்கத் தட்டினேன்!"

"உங்க மனு என்னாச்சு?"

"அதை மறுநாளே திருப்பி அனுப்பிட்டீங்க. அது கிடக்கட்டும் சார். ஆட எனக்கும் ஆசை வந்திருச்சு, இதுக்கு முன்னாடி பேட்டைத் தொட்டதில்ல. எதை வாங்கலாம்?"

என்ன சொல்லவேண்டும் என்று துணை இயக்குநருக்கு நன்றாகத் தெரியும். அவர் கடைக்காரரைப் பார்த்தார்.

"அந்த லேசான வகை இப்ப வர்றதில்ல சார். யாரும் கேக்கறதில்ல" என்றார் கடைக்காரர்.

துணை இயக்குநர் தான் அன்று ஆடிய வகை மட்டையைச் சுட்டிக்காட்டி, "இதுதான் உங்களுக்குப் பொருத்தம்" என்றார்.

டீக்கடைக்காரர் அதை வாங்கி ஓங்கி வீசிப் பார்த்தார். அது அவரையே அரைச்சுற்றுச் சுற்றி நிறுத்தியது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். துணை இயக்குநரும் தட்டினார். வலது கை எழும்பாததால், இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டார்.