களங்கமில்லாத பதினொரு பேர்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி காலிறுதிக்குப் போனதே ஒரு விபத்து. எங்களோடு ஆட வேண்டிய அணியின் பஸ் வழியில் படுத்துவிட்டது. அதனால் நாங்கள் வென்றதாக அறிவித்துவிட்டார்கள். அடுத்து மோத வேண்டியது ஆற்றங்கரைக் கல்லூரியோடு. அவர்கள் ஒரு ஆட்டத்தில் ஏழு கோலுக்குக் குறைவாக அடித்ததாகச் சரித்திரமே இல்லை.

"நமக்கு வெற்றி வாய்ப்பு எவ்வளவு?" என்று முதல்வர் கேட்டார்.

பி.டி. மாஸ்டர் உள்ளதைச் சொன்னார். "வாய்ப்பெல்லாம் இல்ல சார். ஆனா நம்ம கோல்கீப்பர் நெட்டை இருக்கான். பத்து வாங்க வேண்டிய இடத்துல நாலோட நிறுத்துவான். ரெண்டு புதுப் பந்து வாங்கிக் கொடுத்தீங்கன்னா பசங்க பழகிக்குவாங்க."

முதல்வர் அப்போதுதான் ஒரு மேலாண்மைப் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வந்ததிலிருந்து "தரவு என்ன சொல்கிறது?" என்று கேட்காமல் தேநீரில் சர்க்கரைகூடப் போட்டுக்கொள்வதில்லை. எனவே பந்து வாங்கும் கோரிக்கை தள்ளிவைக்கப்பட்டு, 'வெற்றி வாய்ப்பு மேம்பாட்டுக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், புள்ளியியல் பேராசிரியர். கால்பந்து பற்றி முன்முடிவு எதுவும் இருக்கக் கூடாது என்பதால், அந்த ஆட்டத்தையே பார்த்திராதவர்களைத் தேடிப்பிடித்து உறுப்பினர்களாகப் போட்டார்கள். வரலாற்று வகுப்பு எடுக்கும் நான் உள்ளே வந்தது அப்படித்தான்.

முதல் கூட்டத்திலேயே பேராசிரியர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இந்த ஆண்டு நாம் வாங்கிய கோல்கள் அத்தனையும் ஒரே ஒரு நபரைத் தாண்டித்தான் உள்ளே சென்றுள்ளன. மற்ற பத்துப் பேர் ஒரு கோல்கூட விட்டதில்லை."

இவ்வளவு பெரிய விஷயம் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லையே! அன்றைக்கே நெட்டைக்கு விளக்கம் கேட்டு ஆள் போயிற்று. ஆறடி உயரத்தில், முழங்கை முழுக்கச் சிராய்ப்போடு வந்து நின்றான்.

"கோல் விழுந்த நேரத்துல எல்லாம் நீ சம்பவ இடத்துல இருந்திருக்கே. மறுக்கறியா?" என்றார் பேராசிரியர்.

"அங்கதானே சார் நான் நிக்கணும்."

"குறிச்சுக்கங்க. ஒத்துக்கறான்."

"நான் தடுத்த பந்து எவ்வளவோ இருக்கு சார்."

"தடுத்ததுக்குப் பதிவு இருக்கா?"

"தடுத்துட்டா அப்புறம் என்ன சார் பதிவு? ஒண்ணும் நடக்கலையே."

"அதையேதான் நானும் சொல்றேன். நடக்காத ஒண்ணுக்காக உன்னை எப்படிப்பா பாராட்டறது?"

நெட்டை கைகூப்பினான். "சார், துறைமுக அலுவலக அணிக்குக் கீப்பர் எடுக்க இந்த மேட்ச்சைப் பார்க்கத்தான் ஆள் வர்றாங்க. நிரந்தர வேலை சார். ஆற்றங்கரைக்காரங்க அடிக்கிற அடியைப் பிடிச்சாத்தான் நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியும். எங்க அக்கா தையல் கம்பெனியில ஓவர்டைம் பார்த்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறா. இந்த ஒரு மேட்ச் மட்டும் விடுங்க சார்."

"உணர்ச்சி வேற, தரவு வேற, தம்பி."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

அடுத்து, வாழ்நாளில் ஒரு கோலும் விடாத மாணவனைத் தேடினோம். கல்லூரியில் ஏறக்குறைய எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள். அவர்களில் மைதானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அறியாத, 'கண்ணாடி' என்று நண்பர்கள் கூப்பிடும் வணிகவியல் மாணவன் தேர்வானான். அதோடு விட்டோமா? கோலுக்கு அடித்துத் தவறவிட்டவனை நீக்கி, அடித்தே பார்க்காதவனைப் போட்டோம். பந்தைப் பறிகொடுத்தவனை நீக்கி, பந்தைத் தொட்டே அறியாதவனைப் போட்டோம். பொழுது சாய்வதற்குள் பதினொரு பேரும் களங்கமில்லாதவர்களாக ஆகிவிட்டார்கள். வெற்றி வாய்ப்பு நூறு சதவீதம் என்று கணினி சொன்னது. முதல்வர் வாசலில் வாழ்த்துப் பதாகையே கட்டிவிட்டார். பி.டி. மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி, நெட்டையை மாற்றுக் கோல்கீப்பராக மட்டும் பட்டியலில் ஒட்டவைத்தார்.

ஆட்டம் தொடங்கி மூச்சு விடுவதற்குள் முதல் பந்து பறந்து வந்தது. கண்ணாடி நல்ல வளர்ப்பு. பெரியவர்களுக்கு ஒதுங்குவதுபோல் ஒதுங்கி வழி விட்டான்.

"நெட்டையை இறக்குங்க சார்!" என்று பி.டி. மாஸ்டர் கத்தினார்.

"முடியாது. அவன் கறை படிஞ்சவன்."

"இப்ப இவனுக்கும்தானே படிஞ்சிருச்சு!"

பேராசிரியர் யோசித்தார். நியாயமாகப் பட்டது. கண்ணாடியை வெளியே எடுத்துவிட்டு, இன்னொரு சுத்தமானவனை உள்ளே அனுப்பினார். அவனுக்கும் கறை பட்டதும் அடுத்தவன். அதோடு விதி அனுமதித்த மாற்றங்கள் தீர்ந்துவிட்டன. பதினேழுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடிந்தது. நெட்டை பெஞ்சில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

துறைமுகத் தேர்வாளர் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் வந்து சேர்ந்தார்.

"இன்னிக்கு உங்க கீப்பருங்க எப்படி?"

பேராசிரியர் தரவை வாசித்தார். "கண்ணாடி ஒன்று. இரண்டாமவன் ஒன்று. கடைசி ஆள் பதினைந்து. நெட்டை பூஜ்யம்."

"ஆற்றங்கரைக்கு எதிராவா பூஜ்யம்?"

"ஒன்றுகூட விடவில்லை." பேராசிரியர் பொய் சொல்கிறவர் அல்ல.

"இப்படி ஒருத்தனை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லைங்க!" என்று தேர்வாளர் நேராகப் போய் நெட்டையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நெட்டை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அக்கா அவன் காலை மிதித்தாள்.

வேலை கிடைத்தது. சென்ற மாதம் பி.டி. மாஸ்டர் அவனுக்குப் போன் செய்தார்.

"டேய் நெட்டை, ஞாயித்துக்கிழமை வந்து நம்ம பசங்களுக்கு நாலு பந்து பிடிச்சுக் காட்டுடா."

"மன்னிச்சுக்கங்க மாஸ்டர். இங்க சேர்ந்ததுல இருந்து ஒரு மேட்ச்சுக்கும் நான் இறங்கலை. இறங்கினா ஒண்ணு ரெண்டு விழத்தான் செய்யும். எனக்குப் பதவி உயர்வு வர்ற நேரத்துல பந்தைத் தொடச் சொல்றீங்களே!"

அவன் கதை அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. இந்த ஆண்டு அணித் தேர்வுக்கு மைதானம் கொள்ளவில்லை. முந்நூறு பேர், கூடவே பெற்றோர்கள். பி.டி. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. விசிலை ஊதி, பந்தை நடுவில் உருட்டிவிட்டார்.

முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். என் மகன் மற்றவர்களைவிட இரண்டடி கூடவே பின்னால் போனான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.